அறிவிப்புப் பலகையில் குறைந்த மூன்று தாள்கள்

கொடுத்ததை எண்ணித் திரும்ப வாங்குவதுதான் ஆய்வுக்கூட உதவியாளன் வேலை. எண்ணிக்கை குறைந்தால் யாரை, எப்படிக் கேட்பது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. நூலகத்திலோ, பள்ளிக்கூட விளையாட்டு அறையிலோ, கல்யாண மண்டபத்துப் பாத்திர அறையிலோ சாவி வைத்திருப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும். நான் எட்டாவது வரை படித்தவன். தர்மபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில், தடயவியல் துறைக்கு ஒன்பது வருடமாகச் சாவி வைத்திருக்கிறேன். லென்ஸ் பதினெட்டு, பவுடர் பூசும் பிரஷ் இருபத்திரண்டு, கண்ணாடித் தகடு நானூற்றுப் பன்னிரண்டு. உடைந்த தகடுகளுக்குத் தனிக் கணக்கு.

பிணம் எங்கே?

சேர்க்கை நாளில் வத்தல்மலையிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். மகள் பவித்ரா உள்ளே விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா என்னிடம் வந்து, "ஏனுங்க, இது பொணம் அறுக்கற படிப்புன்னு எங்கூர்ல சொல்றாங்க. புள்ள பயந்துக்காதுங்களா?" என்றார். எனக்குப் பேச வராது. அதனால் கதவைத் திறந்து எல்லாவற்றையும் காட்டினேன். விரல் ரேகை பவுடர், செருப்புத் தடம் எடுக்கிற மாவு, கையெழுத்து ஒப்பிடுகிற விளக்கு. கை கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரியையும் திறந்து காட்டினேன்.

"மூணு வருசம் எப்படியாச்சும் படிக்க வச்சுருவேன். அதுக்கு மேல படிக்கறேன்னு கேட்டா என்னால ஆவாதுங்க" என்று தானாகவே சொன்னார். பிறகு அறையை இன்னொரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பொணமே இல்லாமத்தான் இத்தனை பீஸ் வாங்கறீங்களா?"

அழிந்த ரேகை

முதல் வருடப் பிள்ளைகள் ரேகை எடுத்துப் பழக ஆள் தேடும்போது முதலில் அகப்படுவது நான்தான். அமிலமும் சோடாவும் போட்டுக் கழுவிக் கழுவி என் விரல்களில் ரேகை பாதி இல்லை. மற்றவர்கள் இரண்டு முறை உருட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவன் விரலைப் பதித்து என் பெயரை எழுதிவிட்டார்கள். பவித்ரா மட்டும் பதினோரு தாள் வீணாக்கினாள். கடைசியில் "பதிவு தெளிவாக இல்லை" என்று உள்ளதை எழுதிக் கொடுத்தாள். பதினொன்றையும் என் கணக்கில் ஏற்றினேன். ஆனால் அவள் மேல் எனக்கு வருத்தம் வரவில்லை.

மை துடைக்கப் பஞ்சு கொடுத்த பையன் சொன்னான்: "அண்ணா, நீங்க திருடப் போனீங்கன்னா எங்க பேட்ச் மொத்தமும் ஃபெயிலு!"

ஒழுங்கான திருட்டு

வராந்தாவில் இருக்கும் அறிவிப்புப் பலகையும் என் பொறுப்புதான். உதவித்தொகை, பயிற்சி, நுழைவுத் தேர்வு, வேலை என்று எது வந்தாலும் துறைத்தலைவர் மேடம் அச்செடுத்துக் கொடுப்பார். ஒரு தாளுக்கு நாலு குண்டூசி வீதம் குத்தி, நோட்டில் எண்ணிக்கை எழுதிவிடுவேன். பவித்ரா மூன்றாம் வருடத்துக்கு வந்தபோது ஒரு அறக்கட்டளை அறிவிப்பு வந்தது. தடயவியல் மேற்படிப்புக்குப் போகும் மலைக் கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு வருடச் செலவு முழுவதும் தருகிறார்கள். கடைசித் தேதி மாத முடிவு. 'இது பவித்ராவுக்கென்றே வந்தது' என்று நினைத்து, அவள் கண் மட்டத்துக்குக் குத்தினேன்.

திங்கட்கிழமை பதினொரு தாள். புதன்கிழமை பத்து. குறைந்தது அந்தத் தாள். வேறு பிரதி வாங்கிக் குத்தினேன். அதுவும் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. மற்றவர் கண்ணில் படாமல் இருக்க யாரோ கிழிக்கிறார்கள் என்று கொதித்தேன். ஆனால் கிழிசல் இல்லை. நாலு குண்டூசியும் பலகை ஓரத்தில் ஒரே வரிசையில் குத்தியிருந்தது. மூன்று நாள் தயங்கிவிட்டு மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "தடயவியல் துறையிலயே திருட்டா? வெளியில சொல்லிராதீங்க, அட்மிஷன் பாதிக்கும்."

புலன் விசாரணை

சேதி எப்படியோ கசிந்துவிட்டது. மூன்றாம் வருடத்துப் பிள்ளைகளுக்கு இது திருவிழா. பவுடர், பிரஷ், டேப் எல்லாவற்றுக்கும் என்னிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, பலகையின் பூட்டில்லாத கண்ணாடிக் கதவைச் சூழ்ந்துகொண்டார்கள். பவித்ரா டார்ச் பிடித்தாள். வெளிச்சம் பலகையை விட்டுத் தரைக்கே போய்க்கொண்டிருந்தது. டார்ச் கனம் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் பூசியும் ஒரு ரேகையும் இல்லை. தினமும் காலை எட்டரைக்கு நான் அந்தக் கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்துவிடுவது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அகப்பட்ட ஒரே தடயம், கண்ணாடி நடுவில் ஒட்டியிருந்த சின்ன மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. கிட்டப்பார்வைக்காரரான மேடம், அன்று நான் துடைத்த பிறகு நெற்றி முட்ட நின்று படித்ததில் ஒட்டிக்கொண்டது. விசாரணைக்குத் தலைமை தாங்கிய பெண் அதை டேப்பில் எடுத்து, உறையில் போட்டு, மேடத்திடமே நீட்டினாள்: "மேடம், ஊரை விட்டு எங்கயும் போயிராதீங்க."

முத்திரை

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு பவித்ரா அப்பாவோடு வந்து நின்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து என் மேசைமேல் விரித்தார். ஒவ்வொன்றிலும் நாலு ஓட்டை. பவித்ரா தரையைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். அவர்கள் ஊரில் ஒரு பையனுக்கு உதவித்தொகை வந்திருப்பதாகப் போனில் சொல்லி, ரகசிய எண்ணைக் கேட்டு வாங்கி, வங்கியில் இருந்ததை வழித்துவிட்டார்களாம். அதிலிருந்து போனில் எதைக் காட்டினாலும் அப்பா நம்புவதில்லை. "முத்திரை வச்ச தாள் கொண்டா, ஒப்புதல்ல கையெழுத்துப் போடறேன்" என்றிருக்கிறார். முதல் தாளில் முத்திரை இல்லை. அடுத்ததில் இருக்குமென்று இரண்டாவதை எடுத்தாள், பிறகு மூன்றாவதை. மேடத்திடம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பதற்கு வாய் வராமல் போவது என்னவென்று எனக்குத் தெரியும், நான் கேட்கவில்லை.

இருவரையும் மேடத்திடம் கூட்டிப்போனேன். அவர் துறை முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போட்டார். "பச்சை மையில போடலீங்களா?" என்றார் அப்பா. "அது கெஜட்டட் அதிகாரிங்களுக்குத்தான், எனக்கு அந்த உரிமை இல்லீங்க" என்றார் மேடம். அப்பா முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அவர் தாளை என் பக்கம் தள்ளினார்: "நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க. மேடம் வேற காலேஜுக்குப் போயிருவாங்க. நீங்க எங்க போவப் போறீங்க?"

தெரியாத எண்

விண்ணப்பம் போய் ஐந்து வாரமாகியும் பதில் இல்லை. "இந்த மாசம் பாத்துட்டு வூட்டுக்கு வந்துரு" என்று அப்பா சொல்லிவிட்டதாக மற்ற பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் துறைத் தொலைபேசி அடித்தது. மேடம் வகுப்பில் இருந்தார். போன் பேசுவதென்றால் எனக்கு வேர்க்கும். ஏழாவது முறை மணி அடித்தபோது எடுத்தேன். அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மா. நேர்காணலுக்காக மூன்று நாளாகப் பவித்ராவைக் கூப்பிடுகிறாராம். நாலு தடவை துண்டித்தாளாம். ஐந்தாவது தடவை, "உங்க அடையாள அட்டையை அனுப்புங்க" என்றாளாம். ஆறாவது தடவை இவர் எண்ணையே முடக்கிவிட்டாளாம். இன்று மூன்று மணியோடு பட்டியல் முடிகிறது.

அப்போது இரண்டு இருபது. அந்த அம்மாவை லைனில் இருக்கச் சொல்லி, ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு, முப்பத்திநாலு படி ஏறி, வகுப்பு நடக்கும்போதே உள்ளே போய்ச் சத்தமாகப் பேசினேன். ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. பவித்ரா ஓடிவந்தாள். ரிசீவரை எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "என் விண்ணப்பத்துல மூணாம் பக்கம் முதல் வரி என்னன்னு படிங்க மேடம்" என்றாள். அந்தப் பக்கம் படித்தார்கள் போலிருக்கிறது. அவள் முகம் தெளிந்தது. இருபத்தைந்து நிமிடம் நின்றபடியே பதில் சொன்னாள். பிறகு ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, அந்தப் பொண்ணு பேரைப் பட்டியல்ல போட்டாச்சு. தயவுசெஞ்சு என் நம்பரை முடக்கினதை எடுத்து விடச் சொல்லுங்க, முறைப்படி நான் கூப்பிட்டுச் சொல்லணும்."

எதையும் சந்தேகப்படு என்று சொல்லிக்கொடுக்கும் துறையில் இத்தனை வருடம் இருந்து நான் கண்டது, யாராவது ஒருவர் முதலில் நம்பித் தொலைத்தால்தான் இங்கேயும் ஒரு காரியம் நடக்கிறது.