எமோசி, அவன்கிட்ட சொல்லு

1. ஒரு கை

ஏர் டிராஃபிக் கன்ட்ரோல் என்றதும் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, ஒரே நேரத்தில் எத்தனை விமானம் பார்ப்பீர்கள் என்பதுதான். கல்யாண வீட்டில் கேட்பார்கள், கோயிலில் கேட்பார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் என் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு டாக்டரும் கேட்டார். என் வேலைக்காலத்தின் மிக மோசமான நிமிஷத்தில் என் கையில் இருந்தது ஒரே ஒரு விமானம். சவுசவு என்கிற சிற்றூரிலிருந்து வந்த சின்ன விமானம். அதையும் ஒரு வேனையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ஏன் என்பதை இப்போது வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

ஃபிஜிக்குச் சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நாந்தி விமான நிலைய டவரில் நானும் தங்கவேலும் கன்ட்ரோலர்கள். தங்கவேல் என் மனைவியின் அண்ணன். அவன் குடும்பத்துக்கு ட்ராசாவில் கரும்புத் தோட்டம், எனக்கு நமாகாவில் வீடு. இருவரும் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் என்னை மாப்பிளே என்பான், நான் அவனை மச்சான் என்பேன். தீபாவளிக்கு ஒரே துணியில் சட்டை தைத்துக்கொண்ட கூட்டாளிகள்.

அந்த வருஷம் எங்கள் தென்னிந்தியர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் செயலாளர் தேர்தல் வந்தது. தங்கவேல் நின்றான். கூட்டத்தில் கை தூக்கச் சொன்னபோது நான் எதிராளிக்குத் தூக்கினேன். ஷிஃப்டில் இருக்கிற ஆளால் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பது என் எண்ணம். எண்ணம் சரிதான். ஆனால் அதை முன்கூட்டியே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஒரே ஒரு கை வித்தியாசத்தில் அவன் தோற்றான். அந்தக் கை யாருடையது என்று மண்டபம் முழுக்கப் பார்த்தது.

அன்றோடு பேச்சு நின்றது. விமானங்களை மோதாமல் பிரித்து அனுப்புகிற இரண்டு பேர் ஒரு கைக்காக இப்படி முட்டிக்கொண்டு நிற்கிறார்களே என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு அண்ணனும் வேண்டும், புருஷனும் வேண்டும். எங்களுக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை.

2. ஹேண்ட்ஓவர்

ஹேண்ட்ஓவர் என்றால் நாற்காலி மாறி உட்காருவது என்று நினைத்துவிடாதீர்கள். முன்னவன் தலையில் இருக்கிற பிக்சர் முழுசாகப் பின்னவன் தலைக்குள் போக வேண்டும். எந்த விமானம் எங்கே வருகிறது, எவனுக்கு என்ன சொல்லியிருக்கிறோம், தரையில் என்ன நடக்கிறது, எல்லாம். முக்கால்வாசி, விமானத்துக்கு ஒன்றாக விவரம் எழுதிப் போர்டில் அடுக்கியிருக்கிற ஸ்ட்ரிப் என்கிற காகிதத் துண்டில் இருக்கும். மீதியை வாயால்தான் சொல்ல வேண்டும்.

வாய்தான் எங்களுக்கு இல்லையே. அதனால் எமோசியைப் பிடித்தோம்.

எமோசி டவர் அசிஸ்டென்ட். டெலிபோன் எடுப்பது, ஸ்ட்ரிப் எழுதுவது அவன் வேலை. ஊர்க்கார ஃபிஜியன், நாந்தியிலேயே வளர்ந்ததால், அங்கே இந்தியர் எல்லாருக்கும் பொதுவான இந்தியை நம்மைவிட நன்றாகப் பேசுவான். தங்கவேல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எமோசி, ஆக்லாந்து விமானம் இன்னும் கால் மணி நேரத்துல வரும், அவன்கிட்ட சொல்லு" என்பான். நான் நாலடி தள்ளி நிற்பேன். எமோசி திரும்பி அதையே என்னிடம் சொல்வான். நான் "சரின்னு சொல்லு" என்பேன். "சரியாம்" என்பான் எமோசி. இதெல்லாம் இந்தியில் நடக்கும். எங்கள் மேலதிகாரியான சீஃப் மேலே வந்துவிட்டால் இருவரும் போர்டைப் பார்த்து இங்கிலீஷில் பொதுவாகப் பேசுவோம். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று அவருக்குப் பிடிபடாது. எட்டு மாதம் இப்படி ஓட்டினோம். எமோசி ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை.

ரன்வேக்குள் ஒரு வண்டி போனால் அதற்கென்று தனி ஸ்ட்ரிப் அப்போது எங்களிடம் கிடையாது. ஆளுக்கொரு அடையாளம் வைத்திருந்தோம். நான் போர்டில் பென்சிலைக் குறுக்கே வைப்பேன். தங்கவேல் தன் தீப்பெட்டியை வைப்பான். அது இருக்கிற வரைக்கும் யாரையும் இறக்கக் கூடாது. இதை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே அறிவேன். அறிந்தவன் செய்ததைத்தான் அடுத்து எழுதப்போகிறேன்.

3. வேன்

ஒரு நாள் பிற்பகல் நான் டியூட்டிக்கு வந்தேன். தங்கவேல் ஹெட்செட்டைக் கழற்றினான். ரன்வே ஓரத்து விளக்கு ஒன்றில் பல்பு போய்விட்டது, மாற்றுவதற்கு எலக்ட்ரீஷியன் வேன் உள்ளே போயிருக்கிறது, அவனிடம் சொல் என்று எமோசியிடம் சொன்னான். எமோசி அப்போது டெலிபோனில் வானிலைக்காரர்கள் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தான். டெலிபோனுக்குத் தலையாட்டினான். தனக்குத்தான் ஆட்டுகிறான் என்று நினைத்துத் தங்கவேல் படியிறங்கிப் போய்விட்டான். நான் அந்த நேரம் பார்த்து பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் பேசும்போது காதைத் திருப்பிக்கொள்வது எனக்கு அதற்குள் பழகிவிட்டது.

உட்கார்ந்து போர்டைப் பார்த்தேன். நடுவில் தீப்பெட்டி.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இரண்டு வாரமாகவே அவன் டீக் கோப்பையையும் பழைய பேப்பரையும் என் இடத்தில் போட்டுவிட்டுப் போகிறான் என்று ஒரு புகைச்சல். இப்போது தீப்பெட்டியுமா என்றுதான் தோன்றியது. அது என்ன அடையாளம் என்று தோன்றவே இல்லை. எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். போர்டு சுத்தமாக இருந்தது.

மலைப்பக்கமிருந்து மழை இறங்கி ரன்வேயின் ஒரு பாதியை மறைத்துவிட்டது. சவுசவு விமானம் அந்தப் பக்கத்திலிருந்துதான் இறங்க வந்தது. ரன்வே விளக்குகள் தெரிவதாக பைலட் சொன்னார். நான் இறங்க அனுமதி கொடுத்தேன். வேன்காரர்களிடமும் ரேடியோ இருந்தது. ஆனால் அது தரை வண்டிகளுக்கான ஃப்ரீக்வென்ஸி. நான் விமானத்திடம் சொன்னது அவர்கள் காதில் விழ வழியில்லை.

கீழே போன தங்கவேல் மழைக்காக எலக்ட்ரிக்கல் ஷெட்டில் ஒதுங்கியிருக்கிறான். அங்கே வேன் வழக்கமாக நிற்கிற இடம் இன்னும் காலி. நிமிர்ந்து பார்த்தால் விமானத்தின் லேண்டிங் லைட். நாலு மாடிப் படியையும் ஓடி ஏறி வந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவன் மூச்சு வாங்கச் சொன்னான்.

"எமோசி, வேன் இன்னும் ரன்வேல இருக்கு, அவன்கிட்ட சொல்லு."

அப்போதும் எமோசியிடம்தான் சொன்னான்.

நான் அதைவிடக் கேவலம். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்டுவிட்டு எமோசியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் அதை என்னிடம் சொல்வதற்காகக் காத்திருந்தேன். இரண்டு விநாடி இருக்கலாம், மூன்று இருக்கலாம். எமோசி வாயைத் திறந்தான். அதற்குள் என் விரல் ஸ்விட்சை அமுக்கிவிட்டது, கோ அரவுண்ட், இறங்காமல் மேலே ஏறு என்று கத்தினேன். விமானம் தலையைத் தூக்கியது. வேனுக்கு மேலே, வயிறு தெரிகிற உயரத்தில் போனது.

வேலை அதிகமாகி அப்படி ஆகவில்லை. ஒரு விமானம், ஒரு வேன். பேசாமல் இருப்பதுதான் அன்று நான் பார்த்த பெரிய வேலை. அவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்காமலே தெரிந்துகொள்ள வேண்டும். அவன் சொன்னது காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருக்க வேண்டும். எமோசி சொன்ன பிறகு புதிதாகக் கேட்ட மாதிரி தலையாட்ட வேண்டும். இத்தனையும் போக மிச்சமிருந்த கவனத்தைத்தான் விமானத்துக்குக் கொடுத்தேன்.

4. மூன்று காகிதம்

மறுநாள் சீஃப் மூன்று பேரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து, நடந்ததை எழுதச் சொன்னார். தகவல் அசிஸ்டென்டிடம் கொடுக்கப்பட்டது, அசிஸ்டென்ட் அதை எனக்குத் தெரிவிக்கவில்லை என்று எழுதினேன். ஒரு சொல் பொய் இல்லை. தீப்பெட்டியைப் பற்றி எழுதவில்லை. தங்கவேலும் அடுத்த அறையில் அதையேதான் எழுதியிருந்தான். எட்டு மாதத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

சீஃப் மூவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு எமோசியிடம், இவர்கள் எழுதியபடி பார்த்தால் உன் வேலை போய்விடும், என்ன சொல்கிறாய் என்று கேட்டார். டெலிபோனில் இருந்தேன், கவனிக்கவில்லை, தப்பு என்னுடையதுதான் என்றான் எமோசி. அவன் காகிதத்திலும் அவ்வளவுதான் இருந்தது. சீஃப் விடவில்லை. எதிரெதிரே நிற்கிற இரண்டு பேருக்கு நடுவில் நீ எதற்கு என்று கேட்டார்.

எமோசி எங்களைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இவங்க ஆளுங்கள்ல தங்கச்சி புருஷன்கிட்ட நேரா பேசக்கூடாதுபோல சார். எங்களுக்கும் சில சொந்தத்துல அப்படி உண்டு. மரியாதைக்காகப் பேசமாட்டோம். அதான் நான் ஒண்ணும் கேக்கல."

சீஃப் என் பக்கம் திரும்பி, அப்படி ஒரு வழக்கம் உண்டா என்றார்.

உண்டு என்று சொல்லியிருந்தால் எங்கள் மானம் தப்பியிருக்கும். அவருக்கு நம் வழக்கம் என்ன தெரியும்? சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அப்போது தங்கவேல் என் பக்கம் திரும்பினான், தமிழில் பேசினான்.

"மாப்பிளே, காகிதத்தைத் திருப்பி வாங்கு. வேற எழுதலாம்."

அப்படி ஒரு வழக்கமும் இல்லை சார் என்றேன். கை தூக்கியது, தீப்பெட்டி, காத்திருந்த விநாடிகள், எல்லாவற்றையும் சீஃப் முன்னாலேயே சொன்னேன். தங்கவேல் தன் பங்கைச் சொன்னான். புதிதாக எழுதிக் கொடுத்தோம். டவரில் உட்கார்ந்து விமானம் பார்ப்பதற்கான அனுமதி, அதாவது ரேட்டிங், இருவருக்கும் மூன்று மாதம் பிடுங்கப்பட்டது. கீழ்த்தளத்தில் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பழைய ஸ்ட்ரிப்புகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி வைத்தோம். எமோசிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. அதுவே அநியாயம் என்பது என் கருத்து.

அன்று சீஃப் அறையைவிட்டு வெளியே வந்ததும் எமோசி எங்களை நிறுத்தினான். அதுவரை அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"வெறும் சண்டையா? அப்ப எட்டு மாசமா நான் எதுக்குடா மரியாதை குடுத்துக்கிட்டிருந்தேன்?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மன்னிப்புக் கேட்பதிலும் யார் முதலில் என்று நின்ற ஜென்மங்கள். கடைசியில் நான்தான் முதலில் கேட்டேன். எமோசி படியேறி வேலைக்குப் போய்விட்டான். எங்களோடு சேர்ந்து டீ குடிக்க அவனுக்கு வெகுநாள் ஆயிற்று.

பிள்ளைகளே, ஹேண்ட்ஓவர் கொடுக்கும்போது வாங்குகிறவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவன் வாயால் திருப்பிச் சொல்கிற வரைக்கும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதீர்கள். அவன்மேல் கோபம் இருந்தால் அதையும் படிக்குக் கீழேயே, அவனிடமே நேராகச் சொல்லித் தீர்த்துவிட்டு மேலே வாருங்கள். உங்கள் ரோஷத்தைச் சுமக்க நடுவில் இன்னொருவனை நிறுத்தாதீர்கள்.