பொறி பறக்காத ரம்பம்

தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனிகள் தீபாவளியோடு கதவைச் சாத்தினால், நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டு மறுபடி திறக்க ஒரு மாதம் பிடிக்கும். கூட வேலை பார்த்தவர்கள் அந்த மாதத்தைத் தூங்கியே கழித்தார்கள். நான் ஆமத்தூரில் எங்கள் வாடகை வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். முன்னறை, நடு அறை, அடுப்படி என்று ரயில்பெட்டி மாதிரி ஒரே வரிசையில் மூன்று அறைகள். தெருவாசலில் கிளம்பினால் பின்வாசலில் போய் முட்டிக்கொண்டு திரும்ப வேண்டும்.

"கொஞ்சம் உக்காருங்க. பிள்ள முழிச்சுக்கிடும்," என்பாள் மனைவி.

பிள்ளைதான் காரணமே. ஆறு மாதத்துக்கு முன்னால் மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், இந்தத் தீபாவளியோடு மருந்தறைக்கு முழுக்குப் போட்டுவிடுகிறேன் என்று. பதினோரு வருடம் வெடிமருந்து கலந்தவன் நான். அவளும் அதே கம்பெனியில் எட்டு வருடம் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தவள். கலக்குகிற இடம் என்ன இடம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வாக்குக் கொடுத்தபோது "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் 'பார்ப்போம்' ஆறு மாதமாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது. தீபாவளி கழிந்ததும் நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"மருந்தறைக்குப் போகலைன்னா சோத்துக்கு என்ன செய்யப் போறீக? பூஜைக்குள்ள ஒரு வழி சொல்லுங்க. இல்லைன்னா அன்னைக்கு ரெண்டு பேருமே கம்பெனி வேன்ல ஏறிருவோம். பிள்ளைய எங்கம்மாகிட்ட விட்டுருவோம்."

"மரவேலை பாக்கப் போறேன்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய மரியாதை. மருந்தறைக்குள் இரும்புச் சாமான் ஆகாது, உரசினால் பொறி பறக்கும். கரண்டி, தட்டு, சல்லடைச் சட்டம் எல்லாம் மரத்தில்தான் இருக்கும். சீசன் நேரத்தில் ஒன்று உடைந்தால் ஆசாரி வரும்வரை காத்திருக்க முடியாது என்று நானே உளியை எடுத்துப் பழகியிருந்தேன். சிவகாசியில் சாமி படம் அச்சடிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. படம் இருந்தால் சட்டம் வேண்டும். சட்டம் போடுகிற கடைக்காரர் ஒருவர், ஒரே அகலத்தில் மரப்பட்டி அறுத்துத் தந்தால் தொடர்ந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கைரம்பத்தில் ஒரே அகலம் வராது, தோள்வலிதான் வரும். மேசை ரம்பம் வேண்டும். மேசைக்கு நடுவில் வட்டப் பிளேடு தலையை நீட்டிக்கொண்டு சுற்றும், மரத்தை அதன்மேல் தள்ளினால் அறுத்துக்கொண்டே போகும்.

மர மில்லில் இருக்கிற மாதிரிப் பெரியது எனக்கு ஆகாது. வீட்டுக்காரம்மா சுவரில் காலண்டருக்கு ஆணி அடித்தாலே சாமியாடுவார், தரையில் போல்ட் அடிக்க விடுவாரா? ரெண்டு பேர் தூக்குகிற கனத்தில், காலை மடக்கிச் சுவரோரம் சாத்தி வைக்கிற மாதிரி, போனஸ் பணத்துக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று வேண்டும்.

விருதுநகர் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பாயிடம் போனேன். மூன்று ரகம் காட்டினார். ஒன்று சீனாச் சரக்கு. அலுமினிய மேசை, மடக்குக் கால், மரத்தை ஒட்டித் தள்ள நேரான ஒரு கைடு, அறுத்த மரம் பிளேடைக் கவ்வாமல் இருக்கப் பின்னால் ஒரு தகடு, மேலே கண்ணாடி மூடி எல்லாம் இருந்தது. இரண்டாவது, கையில் பிடித்து அறுக்கிற ரம்பத்தையே கவிழ்த்து இரும்பு மேசையில் மாட்டியது. மூன்றாவது கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ பட்டறையில் செய்தது. மோட்டார் தனி, பிளேடு தனி, நடுவில் ஒரு பெல்ட்.

எந்த ஆசாரியைக் கேட்டிருந்தாலும் கைடைப் பார், மேசை தட்டையாக இருக்கிறதா பார், மூடியைப் பார் என்றுதான் சொல்லியிருப்பார். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை.

"பாய், ஷட்டரைக் கொஞ்சம் இறக்குங்க. இருட்டுல ஓட்டிப் பாக்கணும்," என்றேன்.

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். இருந்தாலும் முக்கால்வாசி இறக்கிவிட்டுச் சீனா மெஷினை ஓட்டினார். நான் தரையில் குத்தவைத்து, மோட்டாரின் காற்றுத் துளைக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே நீலமாகப் பொறி வட்டமடித்தது. என்னை அறியாமல் எழுந்து நாலடி பின்னால் போய்விட்டேன்.

"இது வேண்டாம் பாய்."

"ஏன் தம்பி? கார்பன் வச்ச மோட்டார்னா அங்கன லேசாப் பொறி வரத்தான் செய்யும். ஒங்க வீட்டு மிக்சியில வரலையா?"

"மிக்சிய நான் போடுறதில்ல."

"மரம் அறுக்கப் போறீகளா, மருந்து இடிக்கப் போறீகளா?"

ஆணி வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. உமக்கென்னய்யா தெரியும், நீர் எத்தனை பொறியைப் பார்த்திருப்பீர் என்று வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அது அன்றைக்கே எனக்குத் தெரியும், அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் மறுபடி போனேன். இரண்டாவது ரகத்தை ஓட்டச் சொன்னேன். அதிலும் பொறி. திரும்பி வந்தேன். "பூஜைக்கு இன்னும் பதினெட்டு நாளு இருக்கு," என்றாள் மனைவி. சாத்தூருக்குப் போய் அங்கே இரண்டு கடைகளில் பார்த்தேன். இதே மெஷின்கள்தான், இதே நீலப் பொறிதான். ராத்திரி படுத்தால் காலாட்டிக்கொண்டே கிடந்தேன்.

மூன்றாவது தடவை போனபோது பாய் என் தலையைக் கண்டதும் தானாகவே ஷட்டரை இறக்கினார். "வாங்க தம்பி. இன்னைக்கு எதக் குறை சொல்லப் போறீக?" மூன்றாவது ரகத்தை ஓட்டினார். மூடிய மோட்டார். ஒரு பொட்டுப் பொறி இல்லை. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"இதையே கட்டுங்க."

"தம்பி, பின்னால என்னையக் குத்தம் சொல்லக் கூடாது. இதுல கைடு ஆடும். மேல மூடி கிடையாது, பின்னால தகடும் கிடையாது. பொறிக்குப் பயந்து வெரலக் குடுத்துறாதீக. ஒங்க வேலைக்குச் சீனாவே தேவல."

"வெரலு என் பொறுப்பு," என்றேன். லோடு ஆட்டோவில் ஏற்றி, விழுந்துவிடாமல் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

கைடு ஆடும் என்று பாய் சொன்னது குறைச்சல். முதலில் அறுத்த பட்டிகளைச் சட்டக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது சட்டமா, ஆப்பா?" என்று கேட்டார். ஒரு முனை தடிமன், மறுமுனை ஒல்லி. மூன்று நாள் அந்தக் கைடோடு மல்லுக்கட்டினேன். நடுவில் கரண்ட் கட் வேறு. கடைசியில் கைடைக் கழற்றி எறிந்துவிட்டு, நேரான தேக்குக் கட்டை ஒன்றை மேசையின் இரண்டு முனையிலும் கவ்வி வைத்து முடுக்கினேன். பட்டி ஒரே சீராக வந்தது. கடைக்காரர் இந்தத் தடவை நூறு அடி கொண்டுவரச் சொன்னார். காரியாபட்டியில் ஒரு பழைய வீட்டை இடித்திருந்தார்கள். அந்த நிலைமரங்களை மலிவாக வாங்கிவந்தேன்.

பூஜைக்கு ஐந்து நாள் இருந்தது. காலை பத்து மணி இருக்கும். ரம்பம் முன்னறையில். நான் தெருவாசலுக்கு முதுகு காட்டி நின்று மரத்தைத் தள்ளினேன். நடு அறை வாசலில் நின்று மனைவி மறுமுனையைத் தாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் தொட்டிலில் பிள்ளை தூங்கியது. வெளியே தெரிந்த ஆணிகளை எல்லாம் பிடுங்கியிருந்தேன். மரத்துக்குள்ளேயே முறிந்து கிடந்த ஒன்று எனக்குத் தெரியாது. பிளேடு அதில் பட்டது. டப்பென்று சத்தம், கையளவு மஞ்சள் பொறி.

கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான். பொறியைக் கண்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. யாரையும் பார்க்காதே, கூப்பிடாதே, பக்கத்தில் நிற்பவன் கூடப்பிறந்தவனாக இருந்தாலும் நிற்காதே. அதற்காகவே ஒவ்வொரு ஷெட்டுக்கும் எதிரெதிராக வாசல் வைத்திருப்பார்கள். நின்று பார்த்தவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

நான் தெருவில், கரண்ட் கம்பத்துக்கு அடியில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. மூச்சு வாங்கியது. உள்ளே ரம்பம் கத்திக்கொண்டிருந்தது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் போயிருப்பாள் என்று நினைத்தேன். அப்போது அழுகைச் சத்தம் கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து.

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். நடு அறைக்குள் நான் இந்தப் பக்கமிருந்து நுழைய, அவள் அடுப்படியிலிருந்து நுழைந்தாள். தொட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். பிள்ளையைத் தொட இரண்டு பேருக்குமே கை வரவில்லை. பிறகு அவள்தான் தூக்கினாள்.

"தொட்டிலு என் தோளுல இடிச்சுச்சுங்க," என்றாள். "இடிச்சது தெரிஞ்சுச்சு. அப்பவும் நிக்கலையே நான்."

"நான் திரும்பியே பாக்கலை," என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. பாயின் கடையில் அத்தனை பேர் சிரித்ததெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

மத்தியானம் முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படியில் டமாரென்று ஒரு சத்தம். சோற்றுக் கையோடு தெருவாசலில் நின்றேன். அவள் தூக்குவாளியை வேண்டுமென்றே தரையில் போட்டிருந்தாள்.

"எங்க போறீக? தொட்டிலு இங்கன இருக்கு," என்றாள்.

அன்றிலிருந்து பழகினோம். சொல்லாமல் கொள்ளாமல் நான் தாம்பாளத்தைப் போடுவேன், அவள் குடத்தை உருட்டுவாள். கேட்டவுடன் தொட்டிலுக்கு ஓட வேண்டும். பக்கத்து வீட்டில் எங்களுக்குள் பெரிய சண்டை என்று பேசிக்கொண்டார்கள். முதல் இரண்டு நாள் என் கால் தெருவுக்கும் அவள் கால் பின்வாசலுக்கும்தான் போனது. தொட்டிலைத் தாண்டிவிட்டுத் திரும்பி வருவாள், வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். மூன்றாம் நாள் சாயங்காலம் தாம்பாளம் சுற்றி அடங்குவதற்குள் இரண்டு பேரும் தொட்டிலில் இருந்தோம். தலையோடு தலை முட்டிக்கொண்டது. பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரித்தது.

நூறு அடியில் அறுபது அடிதான் கொடுக்க முடிந்தது. பூஜைக்கு முந்தின நாள் எனக்கு மறுபடி பதற்றம் பிடித்துக்கொண்டது. நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

"ஒரே ஒரு சீசன் மட்டும் போயிட்டு வந்துறவா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இந்தக் காலை வச்சுக்கிட்டா? இப்ப அது உள்ள பாத்துல்ல ஓடுது. அங்கன ஒரு பொறி விழுந்தா, பக்கத்துல நிக்கிறவனத் தூக்கப் போவீக. செத்துப் போயிருவீக."

"நீ?"

"நானுந்தான்."

மறுநாள் விடிந்ததும் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. வாசலுக்குப் போனேன்.

"ஏறுங்கண்ணே, பூஜைக்கு நேரமாச்சு," என்றார் டிரைவர்.

"வரலப்பா. கால் சரியில்ல."

அவர் தலையை வெளியே நீட்டி என் இரண்டு காலையும் பார்த்தார். "நல்லாத்தான இருக்கு?"

"சரியில்லண்ணே," என்று எனக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள். "எனக்கும் சரியில்ல. நீங்க போங்க."

வேன் சிவகாசி ரோட்டில் திரும்பி மறையும்வரை வாசலிலேயே நின்றோம். பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது.