பாறைமாறன் சங்கத்தின் தலைவி

என் இடது முழங்கைக்குக் கீழே காசளவில் தோல் வெளுத்திருந்ததை முதலில் கண்டவள் அம்மா. ஊற்றிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரில் குளிப்பாட்டும்போது கண்டாள். தேமல் என்று நினைத்து மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசினாள். அரிக்கவில்லை, எரியவில்லை. அதனால் மறந்தும் போனாள். இந்நோய் வந்தவர்களுக்கும் அவர்களை வைத்துப் பார்ப்பவர்களுக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். தொடக்கத்தில் அது எந்தத் தொந்தரவும் தராது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தோம். அப்பா தோட்டத்து லொறி டிரைவர். தேயிலைப் பெட்டிகளைப் பதுளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது எனக்கொரு படக்கதைப் புத்தகம் வாங்கி வந்தார். சென்னையில் அச்சானது. பெயர் ‘பாறைமாறன்’. அம்பு தைத்தாலும் தீயில் நிறுத்தினாலும் வலி அறியாத வீரன் அவன். பகைவர்கள் அவனைக் கட்டிவைத்து வதைப்பார்கள். அவன் சிரிப்பான்.

பிறகு அப்பா புதிய புத்தகம் கொண்டுவரும்போதெல்லாம் வகுப்பில் அடிபிடியாக இருந்தது. எனவே பெரிய கங்காணியின் மகள் மல்லிகாவும் நானும் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஒரு சங்கம் தொடங்கினோம். பாறைமாறன் சங்கம். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் கூடுவோம். நான் படங்களைக் காட்டி வாசிப்பேன், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

“தோட்டத்துல இருக்குற சங்கம் பத்தாதுன்னு நீங்க வேற ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று அப்பா சிரித்தார்.

சேர்வதற்கான சோதனையை வைத்தது மல்லிகா. “சும்மா பேரு குடுத்தா சேத்துக்க முடியாது. கையில ஊக்கால குத்துவேன். கத்துறவங்க வெளிய போயிடணும்.”

ஏறக்குறைய எல்லோரும் கத்தினார்கள். பிறகு கெஞ்சிக் கூத்தாடிச் சேர்ந்துகொண்டார்கள். என் முறை வந்தபோது நான் இடது கையை நீட்டினேன். மல்லிகா அந்த வெளுத்த இடத்தைக் குறிபார்த்துக் குத்தினாள். நான் பல்லைக் கடித்துக் காத்திருந்தேன்.

“குத்து” என்றேன்.

“குத்திட்டேனே.”

பார்த்தால் ஊக்கு தோலுக்குள் நின்றது. ஒரு சொட்டு இரத்தம் வந்தது. பிள்ளைகள் நெருக்கியடித்து வந்து பார்த்தார்கள். அன்றைக்கே நான் தலைவியானேன்.

அந்த நாட்களின் பெருமையை மறைக்க மாட்டேன். தோட்டத்தின் பக்கத்து டிவிஷனிலிருந்தும் பிள்ளைகள் என் கையைக் குத்திப் பார்க்க வந்தார்கள். முள், ஊசி, குண்டூசி என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். கடைசியில் மல்லிகா தன் வீட்டு அடுப்பிலிருந்து ஒரு தணலைச் சிரட்டையில் எடுத்து வந்து கையில் வைத்தாள். நான் புத்தகத்தில் இருப்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தேன். தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். நானல்ல.

கொப்புளத்தைப் பார்த்த அம்மா என்னை அடித்துத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போனாள். மருந்து கட்ட வந்தவர் புண்ணை அழுத்தினார். நான் சும்மா இருந்தேன். அவர் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போய், சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கழுவினார். “பதுளைக்குக் கொண்டுபோ” என்று தூர நின்று சொன்னார்.

பதுளையில் எங்களைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பஞ்சைத் திரியாக உருட்டிக்கொண்டு, “கண்ணை மூடும் பிள்ளை. நான் தொடேக்கை ஓம் எண்டு சொல்லும்” என்றார். நான் காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் என் முழங்கையின் உட்புறம் ஒரு நரம்பைத் தடவிப் பார்த்தார். அது கயிறுபோலத் தடித்திருந்தது. காதுமடலில் சிறிது கீறிக் கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்தார் (கிருமி உண்டா என்று பார்க்கும் பரிசோதனை).

முடிவு வந்த அன்று அம்மா கேட்டாள்: “அய்யா, இது அந்தப் பெருவியாதிங்களா?”

“ஓம். தொழுநோய். பயப்பட வேண்டாம், இப்ப இதுக்கு நல்ல மருந்திருக்கு. ஆனா பிள்ளையை ஊருக்குள்ள வைச்சிருக்க ஏலாது.”

“தோட்டத்துல மட்டும் சொல்லிப்புடாதீங்கய்யா.”

“அறிவிக்காம விட எனக்கு அதிகாரமில்லை அம்மா” என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. ஆனால் அதனால் எங்களுக்கு ஒன்றும் மாறிவிடவில்லை.

மறுநாள் சங்கத்துப் பிள்ளைகளையெல்லாம் டிஸ்பென்சரி வாசலில் வரிசையாக நிறுத்திச் சட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரே ஊக்கால் எல்லோரையும் குத்தியிருந்த விஷயம் வெளியே வந்தது. அந்த ஊக்கால் ஒருவருக்கும் நோய் வரவில்லை, பிறகும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? லயம் முழுக்கப் பிள்ளைகள் அடி வாங்கும் சத்தம் கேட்டது. பாறைமாறன் புத்தகங்களை மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். பீலியில் எல்லோரும் தண்ணீர் பிடித்துப் போன பிறகே அம்மா குடத்தை வைக்க வேண்டும் என்று ஆயிற்று.

தொழுநோயாளிகளைத் தனியாக வைத்திருக்கும் கடற்கரை ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுபோக உத்தரவு வரும்வரை எங்கள் லயத்து அறையான காம்பிராவுக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஒரு பகல் அம்மா தண்ணீருக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. வெளியே சங்கம் முழுவதும் நின்றது. என்னைக் கூப்பிட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து இறங்கிப் போனேன்.

“கிட்ட வராத காமாச்சி. அங்கயே நில்லு” என்றாள் மல்லிகா. அவள் கைகளில் பிரம்புத் தழும்பு இருந்தது. “ஓங்கிட்ட இருந்தது பாறைமாறன் சக்தி இல்ல. சீக்கு. பொய் சொல்லித்தானே தலைவியான?”

“எனக்குத் தெரியாது மல்லிகா.”

“வலிக்காதுல்ல? அப்ப நில்லு.”

முதல் கல்லை அவள்தான் எறிந்தாள். அது கணுக்காலில் பட்டது. அடுத்தது புருவத்தில். நோய் அப்போது என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. மற்ற இடமெல்லாம் எல்லோருக்கும் வலிப்பதுபோல எனக்கும் வலித்தது. ஆனாலும் நான் அழவில்லை. அசையாமல் நின்றால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பினேன். குடத்தோடு ஓடி வந்த அம்மா அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. என் தலைமயிரைப் பிடித்து உள்ளே தள்ளி, “ஏன்டி வெளிய வந்த, ஏன்டி வெளிய வந்த” என்று என்னைத்தான் அடித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாப்சோன் மாத்திரை (கிருமியை மெல்லக் கொல்லும் மருந்து) கொடுத்தார்கள். வருடக்கணக்கில் விழுங்கினேன். இடையில் நரம்பழற்சி வந்தது (மருந்தெடுக்கும்போதும் நரம்பு வீங்கி நோவது). முழங்கையைத் தொட விடாமல் கத்தினேன். வீக்கம் வடிந்தபோது சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கியிருந்தன. பாதங்களிலும் உணர்வு குறைந்தது. ஆனாலும் நான் மருந்தை விடவில்லை, கடைசியில் நோய்தான் நின்றது. மருந்தை நிறுத்தாதீர்கள் என்று நான் கேட்பது அதனால்தான்.

பக்கத்துக் கட்டில் அக்காவின் கால்விரலை ஒரு தடவை எலி தின்றுவிட்டது. விடிந்து போர்வையை விலக்கிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதே மாதம் அப்பா ஒரு புதிய பாறைமாறன் புத்தகத்தோடு வந்தார். ஆசையாகத்தான் புரட்டினேன். ஒரு படத்தில் அவன் தோளில் ஈட்டி தைத்திருந்தது. அடுத்த படத்தில் காயமே இல்லை. நான் மூடி வைத்துவிட்டேன். அப்பா, வீட்டார் மடுல்சீமைத் தோட்டமொன்றுக்கு மாறிப் போய்விட்டதாகச் சொன்னார். காரணத்தை நான் கேட்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்து என்னை அனுப்பினார்கள். பதுளை பஸ் நிலையத்தில் மல்லிகாவைக் கண்டேன். இடுப்பில் குழந்தை. முதலில் என் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தை.

“நல்லாயிட்டியா?”

“நல்லாயிட்டேன். காயிதம் குடுத்திருக்காங்க.”

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “அன்னிக்கு எங்கள எப்புடிப் போட்டு அடிச்சாங்க தெரியுமா? எல்லாம் ஒன்னாலதான்.”

அதற்குள் அவளுடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

மடுல்சீமையில் பஸ் நின்ற இடத்திலிருந்து லயத்துக்கு மலைப்பாதையில் நடந்தேன். மழை விட்டிருந்தது. சுகமான நடை என்றே நினைத்தேன். அம்மா வாசலில் நின்றாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பிடித்து உட்கார வைத்துச் செருப்பைக் கழற்றினாள். செருப்பின் ஆணியொன்று மேலே கிளம்பி உள்ளங்காலைக் கிழித்திருந்தது. செருப்பு முழுக்க இரத்தம்.

“எப்ப குத்துச்சு?”

“தெரியலம்மா.”

“எங்க வச்சு?”

பாதையைத் திரும்பிப் பார்த்தேன். ஏற்றத்திலா, பாலத்திலா, பஸ்ஸிலேயேவா என்று சொல்லத் தெரியவில்லை. இப்போதும் ஒவ்வொரு மாலையும் கைகால்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் உடம்புக்கு அன்றன்றைக்கு நடந்தது அப்போதுதான் எனக்குத் தெரியவரும்.