குழி பார்க்க வந்த இன்ஸ்பெக்டர்

அம்மாவின் தம்பி ரொறன்ரோவிலிருந்து முதன்முறையாக ஊருக்கு வந்தபோது அவருடைய சூட்கேசில் பாதி சொக்கலேட், மீதி இரும்பு. குறடுகள், சாவிகள், குழாய் வெட்டும் கருவி ஒன்று. விமான நிலையத்தில் மறித்துக் கேட்டார்களாம். “நான் பிளம்பர்” என்றாராம். அதை எங்களுக்குச் சொல்லும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பிளம்பர் என்பது டொக்டருக்கு அடுத்த பதவி என்று முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் வீட்டு நிலைமைக்கு அது பெரிய பிழையான முடிவும் இல்லை. அன்புவழிபுரத்தில் எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டால் உப்பு கரிக்கும். அம்மா காலையும் மாலையும் சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன்களைத் தொங்கவிட்டுச் சந்திக் குழாய்க்குப் போய்வருவார். அந்த வருடம்தான் தெருவிலிருந்து பிரியும் எங்கள் ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. தண்ணீர்க் கந்தோர் ஆட்கள் வாசல் படலையடியில் மீட்டரைப் பொருத்திவிட்டுப் போனார்கள். அங்கிருந்து சமைக்கிற குசினி வரை பைப் போடுவது வீட்டுக்காரர் பாடு. அப்பா ஆள் பிடிக்கப் புறப்பட்டபோது அம்மா மறித்தார்.

“என்ர தம்பி வாறான். அவன் செய்வான்.”

தம்பி வர மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதமும் அம்மா அந்த மீட்டரைத் தாண்டித்தான் கேன்களோடு போய்வந்தார்.

மாமாவுக்கு மூன்று கிழமை லீவு. வேலை ஒருநாளில் முடியும் என்று அப்பா சொன்னார். மாமா கயிறு கட்டி நேர்பார்த்து மண்வெட்டியோடு இறங்கினார். குழி முழங்காலைத் தாண்டியது, இடுப்பைத் தாண்டியது. மூன்றாம் நாள் ஒழுங்கையால் போகிறவர்களுக்கு மாமாவின் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. பைப் கொண்டுவந்து இறக்கிய ஹார்ட்வெயார் கடைக்கார நானா எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, ஆரைப் புதைக்கப் போறீங்கள்?” என்று கேட்டார்.

மாமா பொறுமையாக விளக்கினார். ரொறன்ரோவில் மாரிக் குளிரில் நிலமே உறைந்துவிடும், ஐந்தடிக்குக் குறைந்த ஆழத்தில் கிடக்கும் பைப் வெடித்துவிடும், பிறகு வீடே நாசம். நானா தலையாட்டிக் கேட்டார். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்தார். காகங்கள் வாயைப் பிளந்துகொண்டு வேலியில் இருந்த வெயில் அது.

“இஞ்ச அப்பிடிக் குளிர் வந்தால் நான் பைப் விக்க மாட்டன் தம்பி. கம்பளிதான் விப்பன்.”

அடுத்த நாள் குழியின் அடியில் உப்புத் தண்ணீர் ஊறிவிட்டது. தண்ணீருக்கு வெட்டின குழியில் தண்ணீர் வந்துவிட்டது, இனி வேலை முடிந்ததுதானே என்றார் அப்பா. எனக்கு அப்பா மேல் கோபம் வந்தது. மாமாவுக்கு வரவில்லை. குழிக்குள் நின்றபடியே விழுந்து விழுந்து சிரித்தார். “பழக்கதோசம் அக்கா, கை தன்பாட்டில ஆழமாப் போகுது” என்று சொல்லி, பாதிக்கு மேல் மண்ணை நிரப்பி இரண்டடியில் பைப் போடத் தொடங்கினார். தன்னைப் பார்த்துத் தானே அப்படிச் சிரித்த ஒரு பெரிய ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

அவர் பைப் போடுவதைப் பார்க்க வேண்டும். வெட்டிய விளிம்பைச் சுரண்டுவார். சீலைத் துண்டால் உள்ளும் புறமும் துடைப்பார். பசை பூசிச் செருகி, சற்றே திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டு முப்பது வரை எண்ணுவார். அந்த முப்பதுக்குள் யாரும் கதைக்கக்கூடாது. அப்பாகூட வாயை மூடிக்கொண்டு நிற்பார். படலையிலிருந்து குசினி மூலை வரை அந்த பைப் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்ததுபோலக் கிடந்தது.

எல்லாம் பொருத்தி முடிந்த அன்று அம்மா குடத்தைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாமா குழியை மூடவுமில்லை, தண்ணீரைத் திறக்கவுமில்லை.

“இன்ஸ்பெக்சன் முடியாமல் மூடேலாது அக்கா.”

அவருடைய நகரத்தில் ஒரு பைப்பைத் தொடுவதற்கு முன் அனுமதி எடுத்து அந்தத் தாளை யன்னலில் ஒட்ட வேண்டுமாம். மூடுவதற்கு முன் நகரசபை ஆள் வந்து பார்ப்பாராம். பிழை கண்டால் முழுவதையும் உடைத்துத் திரும்பச் செய்ய வேண்டுமாம், எவ்வளவு பெரிய பணக்காரன் வீடென்றாலும். இதையெல்லாம் அவர் கோயில் கதை சொல்வதுபோலச் சொன்னார். மறுநாள் தண்ணீர்க் கந்தோருக்கும் போனார். அங்கிருந்தவர் கதிரை போட்டு மரியாதையாகச் சொன்னாராம், மீட்டர் வரைதான் தங்கள் பொறுப்பு, வீட்டுக்குள்ளே போடுவதைத் தாங்கள் பார்ப்பதில்லை என்று. மாமா முகம் தொங்கத் திரும்பி வந்தார்.

குழி திறந்தபடி கிடந்தது. தபால்காரர் படலைக்கு வெளியிலேயே நின்று மணி அடித்தார். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி விழுந்தது, மாமாதான் தூக்கிவிட்டார். அம்மா கேன்களோடு குழியைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தார். லீவு முடிய நான்கு நாள் இருந்தபோது ஒரு கேன் கைதவறிக் குழிக்குள் கொட்டுண்டது. அம்மா அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

“உன்ர ஊரில ஐஸும் வருது, ஆளும் வருது. இஞ்ச ரெண்டும் வராது. மூடடா தம்பி.”

மாமா கவிழ்ந்த கேனை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, நீ இன்ஸ்பெக்டரா வாறியா? ஆனால் நான் உனக்கு மாமா இல்லை, தெரியாத ஆள். பிழையெண்டால் பிழையெண்டு சொல்லோணும்.”

அவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். கசிவு இருந்தால் தெரியட்டும் என்று மாமா மீட்டரைத் திறந்து, குசினிப் பக்கத்து முனையை இறுக்கி மூடி, பைப்புக்குள் தண்ணீரை அடைத்து வைத்திருந்தார். எனக்கு ஒரு யோசனை வந்தது. ஈர நெற்றியில் பூசினால் விபூதி கறுக்கும் அல்லவா? சாமியறைத் தட்டிலிருந்து விபூதியை எடுத்து ஒவ்வொரு பொருத்திலும் பூசிக்கொண்டு போனேன். “சாமிக்குரியதைப் பைப்புக்கோ பூசுறாய்!” என்று அம்மா கத்தியதை இன்ஸ்பெக்டர் காதில் விழுத்தவில்லை.

குசினிக்குத் திரும்பும் மூலையில் விபூதி மெல்லக் கறுத்தது.

மேலே அம்மா குடத்தோடு நின்றார். கையால் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. துடைக்கவும் கை போனது. “பிழை” என்று ஒரு சின்னக் குரல் வந்தது, அது என்னுடையதுதான்.

மாமா இறங்கி வந்து விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“அக்கா, பெயில் பண்ணிப்போட்டாள்!” என்று அவர் போட்ட சத்தம், நான் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்ததுபோல இருந்தது.

அந்தப் பொருத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டார். மறுநாள் நான் பூசிய விபூதி எல்லா இடத்திலும் வெள்ளையாகவே இருந்தது. கொப்பியில் ஒரு தாள் கிழித்து எழுதினேன்: பைப் வேலை சரி. குழியை மூடலாம். வேலை செய்தவர், மாமா. கீழே என் கையொப்பம்.

மாமா அதை வாங்கிப் படித்தார். “மாமா எண்டு போட்டால் காணாது பிள்ளை. பேர் எழுது” என்றார். தகப்பன் பெயரோடு முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். அழித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். அதை நான்காக மடித்துப் பாஸ்போட்டுக்குள் வைத்தார். அன்று பின்னேரம் குழாயைத் திறந்து அம்மா பிடித்த முதல் செம்புத் தண்ணீரை மாமாவுக்குத்தான் கொடுத்தார்.

இப்போது நானும் மாமாவின் ரொறன்ரோவில்தான் இருக்கிறேன். போன மாரிக்கு முன் வீட்டின் நிலக்கீழ் அறையில் ஒரு குளியலறை போட விசாரித்தபோது, பிளம்பர்கள் ஒரு மணித்தியாலத்துக்குக் கேட்ட காசில் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் தண்ணீர் இழுத்திருக்கலாம் என்று தோன்றியது. எனக்கென்ன, என் மாமா இருக்கிறார் என்று பெருமையோடு அவரைக் கூப்பிட்டேன். வந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

“என்ர பேரில செய்யேலாது பிள்ளை. லைசன்ஸ் உள்ள ஆளின்ர பேரிலதான் பெர்மிட் எடுக்கோணும்.”

அவர் வயதில் பாதியும் இல்லாத ஒரு பையனைக் கூட்டிவந்தார். அனுமதித் தாளில் அந்தப் பையனின் பெயர். பைப் போட்டது மாமா. முப்பது எண்ணியதும் மாமாதான். நகரசபை ஆள் வந்து, இவ்வளவு சுத்தமான வேலையைக் கண்டு கனகாலம் என்று பையனின் கையைக் குலுக்கினார். பையன் நல்லவன், மாமாவைக் காட்டினான். வந்தவர் மாமாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பையனின் பெயருக்கு நேரே கையொப்பம் வைத்தார். மாமா மூலையில் குறடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமிதான் பிறகு சொன்னார். லைசன்ஸுக்கான சோதனை முழுக்க ஆங்கிலத்தில். மாமா பல தடவை எழுதியும் கிடைக்கவில்லை. இந்த நகரத்தில் அவர் கை படாத தெரு குறைவு, அவர் பெயர் உள்ள தாள் ஒன்றுகூட இல்லை. சொல்லிவிட்டு, காலாவதியான ஒரு பாஸ்போட்டை எடுத்துக் காட்டினார். உள்ளே நான்காக மடித்த கொப்பித் தாள். சரியாக அழிபடாத ‘மாமா’வுக்கு மேலே அவருடைய முழுப்பெயர், என் கோணல் எழுத்தில்.

அன்று குழிக்கரையில் அந்தப் பெயரை அவர் அவ்வளவு மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்கு எழுத்துப்பிழை வந்துவிடும் என்று பயப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.