சால் தோலில் ஓடிய மோட்டார்

என் தம்பி மகன் பழைய கார் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பூட்டப் போகிறானாம். முன்பின் பழக்கமில்லை, செய்யச் செய்ய வந்துவிடாதா அத்தை என்று கேட்டான். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பாவம், அவன் என்ன செய்வான். எனக்கு ஞாபகம் வந்தவர் சித்தப்பா.

யுத்த காலம். புதுச்சத்திரத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டம். ஏற்காட்டு மலையில் காப்பி பயிரிட்ட துரை ஒருவர் ஓட்டி ஓய்ந்து போட்டுவிட்டுப் போன மோட்டாரை, கிணற்றில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைக்கும் எங்கள் மாடுகளையே பூட்டி இழுத்து வந்தார் சித்தப்பா. பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராசிபுரம் போய் வந்ததுதான் மோட்டாரைப் பற்றி அவர் படித்த படிப்பு. அந்தத் தைரியத்தில் களம் முழுக்க அதைப் பிரித்துப் பரப்பினார். சோளம் காயப்போட இடமில்லை. கேட்டால், "எல்லாம் கையோட வருமுங்க" என்பார். அப்பாவுக்குத் தம்பி மேல் ஒரே பெருமை.

அந்த வருஷம் மிளகாய் வெள்ளாமை முழுக்க அம்மாவின் பாடு. மிளகாய் வீடு வந்து சேர்ந்தால் என்னை நாமக்கல்லில் பெரியம்மா வீட்டில் விட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று அப்பாவிடம் வாக்கு வாங்கியிருந்தாள். பங்குனி வெயிலில் செடி பூவெடுத்து நின்றது.

மோட்டாரில் தண்ணீர் போகும் குழாய் கிழிந்திருந்தது. யுத்தத்தில் சேலம் கடைகளில் ரப்பர் ஏது? எங்கள் கவலையில் தண்ணீர் மொண்டு வரும் சாலின் அடியில் தொங்கும் தோல் குழாய் சித்தப்பா கண்ணில் பட்டது. சால் மேலே வந்ததும் தண்ணீர் அந்தத் தோல் வழியாகத்தான் வாய்க்காலில் விழும். அம்மா இழவு வீட்டுக்குப் போயிருந்த நேரம், அதில் முழ நீளம் அறுத்துக்கொண்டார். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்க நம்மவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்!

மறுநாள் காலை மாடு இழுக்க இழுக்க, மேலே வந்த தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே திரும்பிக் கொட்டியது. அம்மா நேரே களத்துக்கு வந்தாள்.

"தம்பி, பூவெடுத்து நிக்கற செடிங்க. அந்தத் தோலக் களட்டிக் குடுத்துருங்க. மறுபடி சேத்துத் தெச்சுக்கறேன்."

"ஒரே ஓட்டம் ஓட்டிப் பாத்துட்டுக் களட்டித் தாரேனுங்க."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "அவந்தான் ஆசப்படறானே" என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் மோட்டார் கிளம்பியேவிட்டது. ஊரே கூடியிருந்தது. முன் இருக்கையில் நான். புளியமரம் தாண்டுவதற்குள் ஆவி குப்பென்று அடித்தது. வெந்நீரில் வெந்த தோல் சுருங்கி, வெடித்து, ஒட்டுப்போடக்கூட உதவாமல் போயிற்று. சித்தப்பாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? "பரவால்லீங்க, புளியமரம் வரைக்கும் ஓடுச்சே" என்று தோளில் தட்டினார்கள். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் அவர் மோட்டார் ஓட்டிய சித்தப்பாதான். புதுத் தோல் வந்து சேர்வதற்குள் மிளகாய்ச் செடி சருகானதை ஒருவரும் சொல்வதில்லை. கற்றுக்கொள்கிறவன் தாராளமாகக் கற்றுக்கொள்ளட்டும். யார் வீட்டுத் தோலை அறுத்துக் கற்றுக்கொள்கிறான் என்பதுதான் என் கேள்வி.

மோட்டாரை மறுபடி மாடுகள்தான் இழுத்து வந்தன. நான் இறங்கவே இல்லை. சித்தப்பா பக்கத்தில் நடந்துகொண்டே, "எங்க போலாஞ் சாமி?" என்று கேட்டார்.

"நாமக்கல் பள்ளிக்கூடத்துக்கு!" என்று கத்தினேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கிணற்றிலிருந்து தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்து மிளகாய்க் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா மட்டும் நின்று என்னைப் பார்த்தாள். அவள் முகம் கடுகடுவென்றிருந்தது. அவளை வண்டியில் ஏற்றவில்லை என்றுதான் கோபம் என நினைத்துக்கொண்டு, நான் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.