கேட்கக் கூடாத கேள்வி

நான் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டால் போதும், பக்கத்து வீட்டு டேவ் எட்டிப் பார்த்துவிடுவார். "எங்கே போகிறாய்? எப்போது திரும்புவாய்?" கனடாவின் மேற்குக் கரையில், மலையடியில் இருக்கிற இந்தச் சிற்றூருக்கு ஓட்டல் சமையல்காரனாக வந்த நாளிலிருந்து இதே கேள்விதான். எனக்கு எரிச்சலாக வரும். திருவாரூர்ப் பக்கம் எங்கள் வீட்டில், கிளம்புகிறவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்பார்கள்.

போன மாசியில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டி, ஞாயிறன்று பளீரென்று வெயில் அடித்தது. மழை விட்டதும் வயலைப் பார்க்கக் கிளம்புகிற வம்சம் நாங்கள். ஒற்றை அறையில் கால் நிற்குமா? பனியில் புதையாமல் நடக்கக் காலில் மாட்டுகிற ஸ்னோஷூவைக் காரில் போட்டேன். டேவ் வழக்கம்போலக் கேட்டார். "சும்மா, இங்கேதான்" என்றேன். நான் கடைக்குப் போகிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

மலைமேல் மரங்கள் முடிகிற இடத்தில் காலை வைத்ததும் அடியில் தொம்மென்று ஒரு சத்தம். இந்தக் கரையோர மலைகளில் பனிக்கு நடுவே மழையும் பெய்யும். அது உறைந்து கண்ணாடியாகிவிடும். அதன்மேல் விழுகிற புதுப்பனி ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும். புயலுக்கு அடுத்த வெயில் நாள்தான் ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது. காலுக்கு இரண்டடி கீழே சரிவு பிளந்து, களத்தில் குவித்த நெல் சரிவதுபோலச் சரிந்து, நான் ஏறிவந்த தடத்தை மூடிக்கொண்டு போனது. மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன். போனில் சிக்னல் இல்லை. பயந்தேன். நான் இருக்கிற இடம் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

மரங்களுக்குள்ளேயே இறங்கி மாலையில் சாலைக்கு வந்தேன். என் கார் பக்கத்தில் டேவ், பனி தோண்டும் மண்வெட்டியோடு. கடைக்குப் போனவன் மதியம் தாண்டியும் திரும்பவில்லையே என்று, மலைப்பாதை ஒவ்வொன்றின் வாசலிலும் என் காரைத் தேடியிருக்கிறார். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன்.

"உங்கள் ஊரில் மலை உண்டா?"

"இல்லை."

"இங்கே உண்டு" என்றார். பிறகு, "உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் யாரிடம் சொல்வது?"

வீட்டுக்கு வந்ததும் ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். "லீவு நாள்ல என்னடா பண்ணுன?"

"சும்மாதாண்ணே, ரூம்லயே இருந்தேன்."

"சரி, அறுப்பு மெஷினு வந்துடுச்சு. அப்புறம் பேசுறேன்."

இப்போது எந்த மலை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதி டேவிடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன். அந்தத் தாளின் அடியில் அண்ணனின் நம்பர் இருக்கிறது. அண்ணனுக்கு நான் மலை ஏறுவதே தெரியாது. என்னைத் தேடி வர இங்கே ஒருவர் இருக்கிறார். அழ ஆள் அங்கேதான் இருக்கிறது.