சூட்டுக் காற்றுக்கு மடை கட்டிய கதை

அப்பா கனடாவின் மொன்றியல் நகரத்துக்கு வந்து கண்ட முதல் பனிக்காலத்தில் எங்கள் வீட்டில் நான்கு பேர் இருந்தோம். அதில் மூன்று பேர், ஒருவருக்கொருவர் சொல்லாமல், வென்ட்டுகளை மூடிக்கொண்டு திரிந்தோம். நான்காவது ஆள் பதினொரு வயதான என் மகள். அவள் தை மாதக் கடுங்குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள்.

மொன்றியலின் லாசால் பகுதியில் நாங்கள் வாங்கியது பழைய வீடு. நிலத்துக்குக் கீழே பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ். அது ஊதுகிற சூட்டுக் காற்று தகரக் குழாய்களுக்குள்ளால் வந்து, ஒவ்வொரு அறையின் நிலத்திலும் பதித்திருக்கும் சின்ன இரும்புச் சட்டத்தின் வழியாக மேலே வரும். அந்தச் சட்டத்துக்குப் பெயர்தான் வென்ட். ஓரத்தில் ஒரு சிறிய பிடி உண்டு. கால் பெருவிரலால் தள்ளினாலே மூடிக்கொள்ளும். இவ்வளவு சுலபமாக மூட முடிந்ததுதான் எங்களுக்கு வினையாகிப் போனது.

அம்மா போன பிறகு அப்பாவை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டிருந்தோம். "ஒரு பனிக்காலம் இருந்து பாக்கிறன். பேந்து யோசிப்பம்" என்று சொல்லித்தான் வந்தார். அவர் திரும்பிப் போகக்கூடாது என்பதுதான் அப்போது என் ஒரே வேண்டுதல். மாதா கோயிலில் முழங்காலில் நின்றால் வேறொன்றும் வாயில் வராது. ஊரில் அவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவும் ஆளில்லை.

என் கணவருக்கும் அதே ஆசைதான். ஆனால் அதை அவர் அப்பாவிடம் சொல்லமாட்டார். அப்பாவிடம் அவர் எதையுமே நேராகச் சொல்லமாட்டார். அப்பாவும் அப்படியே. மாமனாருக்கு மருமகன் மரியாதை, மருமகனுக்கு மாமனார் மரியாதை. நடுவில் நான் தபால்காரி. "மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ எண்டு கேளுமப்பா" என்பார் கணவர், அப்பா எதிர்க் கதிரையில் இருக்கும்போதே. "போதுமெண்டு சொல்லு பிள்ளை" என்பார் அப்பா, தட்டைப் பார்த்துக்கொண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊரில் அப்பா தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி ஏசுகிற மனிதர். இங்கே சத்தமே இல்லை. சாப்பிட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். விருந்தாளி மாதிரி நன்றி வேறு சொல்வார். பெற்ற அப்பா நன்றி சொல்வதைப் போல வயிற்றெரிச்சல் உலகத்தில் வேறில்லை.

அப்பாவுக்குக் குளிர்கிறது, அதனால்தான் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார் என்று முடிவு கட்டியவர் என் கணவர். அவர் தோட்டக்காரக் குடும்பம். கிணற்றிலிருந்து இறைக்கிற தண்ணீரை, ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் மடையை அடைத்து அடுத்த பாத்திக்கு மாற்றி விட்டு வளர்ந்தவர். காற்றும் அப்படித்தானே என்று நினைத்தார். எங்கள் படுக்கையறை வென்ட்டை மூடினார். பிறகு முன்னறையில் இருந்த இரண்டையும் மூடினார். சூடு முழுவதும் மாமாவின் பாத்திக்குப் பாயும் என்று கணக்கு.

எனக்கு அது தெரியாது. நானும் என் பங்குக்குக் குசினி வென்ட்டையும் சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்ததையும் மூடினேன். அடுப்படியில் நிற்கிறவளுக்கு எதற்குத் தனியாகச் சூடு? எல்லாம் அப்பாவுக்குப் போகட்டும்.

வீடு நாளுக்கு நாள் குளிர்ந்தது. கணவர் இரவு வேலை முடித்து வந்து, பகலில் தொப்பியும் காலுறையும் போட்டுக்கொண்டு படுத்தார். நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கறி கிளறினேன். மகள் மட்டும் கையில்லாத சட்டையோடு நடமாடி, "என்ர ரூம் சரியான சூடு" என்று முறைப்பாடு சொன்னாள். நாங்கள் யார் அவள் சொல்வதைக் கேட்டோம்?

ஒரு சனிக்கிழமை காலையில் ஃபர்னஸ் நின்றுவிட்டது. கணவர் கீழே போய் ஏதோ பொத்தானை அமுக்கினார். உறுமியது, கொஞ்ச நேரம் ஊதியது, திரும்பவும் நின்றது. பிரெஞ்சில் கதைக்க வேண்டியிருந்தால் எங்கள் வீட்டில் மகள்தான் பெரிய மனுசி. திருத்துகிற கம்பெனிக்கு அவளே போன் எடுத்தாள்.

"அம்மா, எல்லா வென்ட்டும் திறந்திருக்கோ எண்டு அந்த மடாம் கேக்கிறா."

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த முழியிலேயே இரண்டு பேரும் பிடிபட்டோம்.

காற்றுப் போக வழியில்லாவிட்டால் ஃபர்னஸுக்குள் சூடு கூடி, அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளுமாம். எல்லா மடையையும் அடைத்தால் வாய்க்கால் உடையும் என்பது தோட்டக்காரருக்கு அந்த ஒரு தடவை மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. மகள் போனைக் காதில் வைத்தபடி அறை அறையாகப் போய், காலால் தட்டித் தட்டித் திறந்தாள். "முன்னறை, மூடிக் கிடக்கு. குசினி, அதுவும் மூடிக் கிடக்கு. உங்களுக்கு என்ன விசரோ?" என்றாள். கடைசியாக அப்பாவின் அறைக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம். உள்ளே கால் வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டிலேயே குளிரான அறை அதுதான்.

அப்பா கட்டிலில் மஃப்ளரோடு இருந்தார். வென்ட்டுக்கு மேலே, அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய பெட்டி நின்றது.

கணவர் அதைத் தூக்கப் போய், பாரம் தாங்காமல் திரும்பவும் வைத்தார். என்னைப் பார்த்தார். அன்றைக்குத் தபால்காரி வேலைக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் அவரே கேட்டார்.

"மாமா, இது ஏன் இந்தப் பாரம்?"

"என்ர உடுப்பு எல்லாம் அதுக்குள்ளதான், தம்பி."

மகள் பெட்டியைத் திறந்தாள். நாங்கள் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர்கள், கம்பளிக் காலுறைகள், அவருடைய வேட்டிகள், எல்லாம் மடித்தபடி. அலுமாரியைத் திறந்து பார்த்தேன். உடுப்பு மாட்டும் ஒரு கொழுவியில்கூட ஒன்றும் இல்லை. வந்த நாளிலிருந்து அவர் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்தி, பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்கள் தொப்பியோட படுக்கிறதைக் கண்டன்" என்றார் அப்பா கணவரிடம். "இதை அடைச்சா சூடு உங்கட பக்கம் வருமெண்டு நினைச்சன்."

"உங்கட பக்கம் வரட்டுமெண்டுதான் நாங்கள் எங்கடையை அடைச்சனாங்கள்" என்றார் கணவர்.

மகள் அதை அப்படியே போனில் பிரெஞ்சில் சொல்ல, அந்தப் பெண் சிரித்த சிரிப்பு அறைக்கே கேட்டது. நாங்களும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டு, என்னைக் காட்டிச் சொன்னார்.

"இவளுக்கெண்டு நான் ஒரு வீடு கட்டினனான். சீதன வீடு. அது யுத்தத்தில அழிஞ்சு போச்சுது. இருந்திருந்தா நீங்கள் அங்க வந்து என்னோட இருந்திருப்பியள். இப்ப நான் உங்கட வீட்டில வந்து, உங்கட சூட்டையும் பறிச்சுக்கொண்டு இருக்கிறன். பனி கரைஞ்ச உடன நான் ஊருக்குப் போறன், தம்பி."

எங்கள் ஊரில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த தகப்பன், சாகும்வரை அந்த வீட்டில் தலை நிமிர்ந்து இருப்பான். கட்டிய வீடு போனவனுக்கு என்ன சொல்வது? கணவர் குனிந்து, பெட்டியிலிருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் கொழுவினார். வேட்டிகளைத் தட்டில் அடுக்கினார். வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்டுக்குப் போனார்.

"அறைக் கதவுகளும் திறந்திருக்க வேணுமாம்" என்றாள் மகள், போனை வைத்துவிட்டு. காற்று ஃபர்னஸுக்குத் திரும்பிப் போகிற வழி, அறைகளுக்கு வெளியே நடையில் இருக்கிறதாம். சாத்தினால் அது போய்ச் சேராதாம். அம்மப்பா இனிக் கதவைச் சாத்தக்கூடாது என்று உத்தரவு போட்டாள்.

கதவு திறந்தே கிடந்ததும் வீடு முழுவதும் அப்பாவின் அறைக்குள் போய் வந்தது. மகளின் பிரெஞ்சுப் பாட்டு, என் தாளிப்பு, கணவரின் குறட்டை எல்லாம். அப்பா முதலில் கட்டிலில் இருந்து கேட்டார். பிறகு கதிரையை வாசல் பக்கம் இழுத்துப் போட்டார். ஆனாலும் போகிற எண்ணத்தை மாற்றியதாகத் தெரியவில்லை. பனி கரைவதற்குள் என்ன நடக்குமோ என்று நான் தினமும் பயந்துகொண்டே இருந்தேன்.

அடுத்த கிழமை, கணவர் தமிழ்க் கடைகள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போய் மீனும் மரக்கறியும் வாங்கி வந்தார். இரண்டு கையிலும் பைகள். முன்கதவை விரியத் திறந்து போட்டுவிட்டு, வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. பல வருடங்களாக நான் கேட்காத சத்தம்.

"ஆரது கதவைத் திறந்து போட்டது? ஆ? வீட்டுச் சூடு முழுக்க றோட்டுக்குப் போகுது! சாத்திப்போட்டு வாருமன், ஐசே!"

கணவர் ஒற்றைக் காலில் அப்படியே நின்றார். பிறகு குதியால் கதவைச் சாத்தினார். "ஓம் மாமா" என்றார். பைகளோடு குசினிக்கு வந்து, என் காதுக்குள் சொன்னார்.

"மனுசன் என்னை ஏசிப்போட்டாரப்பா."

கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.